மார்செய்யில் கேட்ட பெரட்டு

இதை நான் கட்டிவிட்டேன் என்று யாராவது சொன்னால், பேசாமல் ஈப்போவுக்கு பஸ் ஏறுங்கள். சிலிபினில் இறங்கி, கப்பல்கார ஐயாவு வீடு எது என்று கேளுங்கள். சின்னப் பிள்ளை கூடக் காட்டும். எதிரில் உட்கார்ந்து அவரையே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று, அவர் மனைவி நவமணி கடைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே அந்த அம்மா எழுந்து போய் சாமி அறையில் விளக்கேற்றிவிடும். அப்புறம் உங்களுக்கு ஒரு வாய் தேத்தண்ணி கூடக் கிடைக்காது.

நடந்தது எழுபத்தொன்பதில். இன்றைக்கு எட்டு வருஷமாகிறது. ஐயாவு எனக்கு மூத்தவர்தான். ஆனாலும் இந்தக் கதையில் மட்டும் 'அவன்' என்றே சொல்லிக்கொள்கிறேன். "பயந்து வெளுத்துப் போனவனுக்கு என்னய்யா மரியாதை?" என்று அவரே சொல்லிவிட்டார்.

ஈப்போவுக்கு வடக்கே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் ஐயாவு. அவன் கூட்டாளி சதாசிவம். சதாசிவத்தின் தங்கைதான் நவமணி. ஆக, கூட்டாளி மச்சானும் ஆகிவிட்டான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்ததும் ஐயாவு சிலிபினுக்குக் குடி வந்தான். ஊரில் வேலை சரிப்படவில்லை. கிள்ளானில் சரக்குக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சதாசிவத்தையும் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டான்.

கிளம்புகிற அன்றைக்கு நவமணி அழவில்லை. கணவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "அப்பா அம்மா போயிட்டாங்க. பொறந்த வீடுன்னு எனக்கு மிச்சம் அண்ணன் ஒருத்தர்தான். நீச்சல் தெரியாத ஆளு. நீங்கதான் கூப்பிட்டீங்க. நீங்கதான் கொண்டாந்து விடணும்."

"கொண்டாந்து விடுறேன்லா" என்றான் ஐயாவு. இவ்வளவு பெரிய பொறுப்பை இவ்வளவு லேசாக ஏற்றுக்கொண்டவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த இரண்டு பேருக்கும் இருந்த ஒரு பழக்கத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு நடக்கும். தண்டவாளத் துண்டைத் தட்டி ஆளைக் கூட்டி, கங்காணி வேலை பார்க்கிற மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "ஐயா" என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் குரல் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, போ வீட்டுக்கு. சதாசிவம் தூங்குமூஞ்சி. அவனுக்கு ஐயாவு குரல் கொடுப்பான். ஐயாவு ராத்திரி நாடகம் பார்க்கப் போய் எழுந்திருக்காத நாளில் சதாசிவம் கொடுப்பான். இருட்டில் முகமா தெரியப் போகிறது? பதினான்கு வயதிலிருந்து இப்படி. கடைசியில், ஒருவன் பெயருக்குப் பதில் வராவிட்டால் மற்றவன் வாய் தானாகத் திறந்துகொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது.

சரி. கப்பலுக்கு வருவோம்.

ஊரை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிரான்சில் மார்செய் துறைமுகம். தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில் கப்பலைக் கரையில் கட்டினார்கள். ரப்பரை இறக்கிவிட்டு அன்றைக்கே கிளம்ப வேண்டும். "ரெண்டு மணிக்குள்ள ஏணியில கால் இருக்கணும். இல்லாட்டி உங்க சாமான் மட்டும் ஊர் போய்ச் சேரும்" என்று சொல்லித்தான் மேலதிகாரி கரைக்கு விட்டார். அவர் சொன்னால் செய்கிற ஆள்.

சதாசிவத்துக்குத் தலைகால் புரியவில்லை. "மச்சான், பிரான்ஸ்லா! ஜாலான் ஜாலான் சுத்திட்டு வரலாம் வா!"

நல்ல வெயில். ஆனால் காற்று காதை அறுத்தது. பழைய துறைமுகத்தில் அம்மாமார் துள்ளத் துடிக்க மீனைக் குவித்து வைத்துக்கொண்டு கத்தினார்கள். ஒரு தடித்த கிழவி ஐயாவுவின் முகத்துக்கு நேரே ஒரு மீனை ஆட்டி என்னவோ திட்டினாள். "ஈப்போ பாசார்ல வாங்குற ஏச்சு பத்தலைன்னு இங்க வந்து வாங்குறியா?" என்று சதாசிவம் விழுந்து விழுந்து சிரித்தான். படம் போட்ட அட்டை ஒன்று நவமணிக்கு வாங்கினார்கள். குன்றின் மேல் ஒரு பெரிய மாதா கோயில். மூச்சு வாங்க ஏறினார்கள். உள்ளே மேற்கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகள் தொங்கின. கடலில் பிழைத்து வந்தவர்கள் கட்டிய நேர்த்திக்கடனாம்.

"எல்லா ஊர்லயும் இது இருக்குலா" என்றான் சதாசிவம். "நேத்து ஈப்போவுல எத்தனை காவடி போயிருக்கும்?"

ஐயாவுக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வயதிலிருந்து வருஷம் தவறாமல் காவடி எடுத்தவன். பூசத்துக்கு மறுநாள், தோட்டத்து ஆட்கள் வந்த லாரியிலேயே அவர்களோடு தோட்டத்துக்குப் போய் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவான். இந்த வருஷம் எதுவும் இல்லை. மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. சும்மா சும்மா திரும்பிப் பார்த்தான். "போதும், கப்பலுக்குப் போயிடலாம்" என்றான்.

"இன்னும் நேரம் கெடக்கு. என்ன அவசரம் உனக்கு?"

இறங்கும்போது குறுக்கு வழி என்று ஒரு சந்தில் புகுந்தார்கள். இரண்டு பக்கமும் உயரமான பழைய வீடுகள். மாடிக்கு மாடி கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். வெளியே காற்று அந்த அடி அடிக்கிறது. இங்கே ஒரு துணி கூட அசையவில்லை.

ஐயாவு அதைக் கவனித்தான்.

டாங்... டாங்... டாங்...

சதாசிவம் நின்றான். "கேட்டியா?"

"கோயில் மணி."

"இல்ல மச்சான். இது தண்டவாளத் துண்டு."

ஐயாவுக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அது. மறக்குமா?

அப்புறம் ஒரு குரல் வந்தது. ஆண் குரல். தமிழ்.

"ராக்காயி!"

"ஐயா."

"அடேங்கப்பா! தமிழாளுங்க இருக்காங்கலா!" சதாசிவம் ஓடினான். வேறு நாட்டில், தங்கள் இருவரைத் தவிர வேறு யார் வாயிலும் மாதக் கணக்கில் கேட்காத பேச்சு. ஓடத்தானே செய்வான்? சந்தின் முனையில் ஒரு பெரிய மரக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கல் பாவிய முற்றம். இரண்டு பேரும் நுழைந்துவிட்டார்கள்.

யாரும் இல்லை.

நடுவில் தண்ணீர் இல்லாத ஒரு தொட்டி. தரை முழுக்கப் புறா. மேலே வெயில் பளிச்சென்று அடிக்கிறது. எதிரே தெரிந்த கோபுரக் கடிகாரத்தில் பதினொன்றரை.

"ராமையா!"

"ஐ... ஐயா."

ராமையா இவர்களுடைய தோட்டத்தில் தவில் வாசிக்கிறவர். கொஞ்சம் திக்குவாய். இப்படித்தான் குரல் கொடுப்பார். ராக்காயி அடுத்த லயத்து வரிசை வீட்டில் குடியிருந்தவள். இருவரும் ஊரில் உயிரோடு இருக்கிறவர்கள்.

"இருளாயி!"

"ஐயா."

குரல் வந்த பக்கம் பார்த்தான். புறாக்கள் மட்டும் விலகி விலகி வழி விட்டன. யாரோ நடந்து வந்து வரிசையில் நிற்கிற மாதிரி.

"முத்தம்மா!"

"ஐயா."

ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு செருமல். க்ஹும்... அந்தச் செருமலை ஐயாவு கண்டுபிடித்துவிட்டான். சின்னையா மண்டோர். அவர் செத்து அப்போதே எட்டு வருஷம். பாடையில் முன்பக்கத்தைப் பிடித்தவர்களே இவர்கள் இருவரும்தான்.

"மச்சான்... வா... போயிடலாம்..."

க்ஹும்...

"ஐயாவு!"

நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ஐயாவு!"

இந்த முறை பக்கத்தில். புகையிலை வாசனை கூட அடித்தது. ஓட நினைத்தான். கால் வரவில்லை. வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

மூன்றாவது முறை... காதோரத்தில்.

"ஐயாவு..."

"ஐயா!"

குரல் கொடுத்தது சதாசிவம்.

புறா மொத்தமும் ஒரே மூச்சில் எழுந்து பறந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

"ஏன்டா வாயைத் தொறந்த?" ஐயாவு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "ஏன்டா?"

சதாசிவம் விழித்தான். "நீ பேசாம நின்ன. மூணாவது தரம் ஆயிடுச்சே... வாய் தானா வந்துடுச்சி மச்சான்."

சட்டையைப் பிடித்த கை ஈரமாக இருந்தது.

ஐயாவு கையைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான். நனைந்திருந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கடல் தண்ணீர் இல்லை. கலங்கல். வெள்ளை மணல் கலந்த கலங்கல். ஈயம் தோண்டிவிட்டுப் போன பள்ளங்களில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடக்குமே, ஈயக்குட்டை, அதே சேற்று வாடை.

பிரான்சில்.

"குளிருது மச்சான்" என்றான் சதாசிவம்.

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான் ஐயாவு. நடுவழியில் சதாசிவம் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். "நீ போ. நான் வாரேன்."

"எங்க வருவ? எழுந்திரு!"

"இங்க கொஞ்ச நேரம் இருக்கேன். கை கொடுக்கணும்..."

"யாருக்கு?"

சதாசிவத்தின் கண் எங்கேயோ இருந்தது. தூக்கிப் பார்த்தான், கல்லாய்க் கனத்தான். ஐயாவுக்கு அழுகை வந்துவிட்டது. "டேய், நவமணிக்கு நான் என்னடா சொல்லுவேன்? எழுந்திருடா! உன்னை விட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட வீட்டுப் படி ஏறுவேன்?" என்று நடுத்தெருவில் நின்று கதறினான். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

அப்போது சதாசிவம் இருமினான். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. கல்படியில் வெள்ளை மணல் படிந்தது.

காலையில் மீனை ஆட்டித் திட்டினாளே, அந்தத் தடித்த கிழவி, கூடையோடு வந்துகொண்டிருந்தாள். கடலில் விழுந்துவிட்டான் என்று நினைத்தாளோ என்னவோ, ஓடி வந்து தன் சால்வையால் அவன் தலையைத் துவட்டினாள். துவட்டிய சால்வையை முகர்ந்து பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். சால்வையை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஐயாவு அவனை முதுகில் சுமந்தான். எப்படிச் சுமந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஏணியில் கால் வைத்தபோது ஊதல் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் சதாசிவம் போட்டது போட்டபடி தூங்கினான். எழுந்ததும் பசிக்கிறது என்றான். கேட்டால், "எந்த முற்றம்? மாதா கோயில் பார்த்தோம், கால் வலிச்சிச்சி, வந்துட்டோம்லா" என்றான். ஐயாவும் விட்டுவிட்டான். ஆள் இருக்கிறான், அது போதும். ஆனால் அதற்கப்புறம் கப்பலில் சதாசிவம் எங்கே போனாலும் ஐயாவு பின்னாலேயே போனான். கக்கூசுக்குப் போனால் கூட வாசலில் நின்றான். மற்றவர்கள் கேலி பண்ணினார்கள். பண்ணட்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்துக் கிள்ளான். அங்கிருந்து பஸ் ஏறி ஈப்போ. சிலிபின் வீட்டு வாசலில் நவமணி அண்ணன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஐயாவுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்தச் சந்தோஷம் சோறு போடுகிறவரைக்கும் இருந்தது.

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்று ஆரம்பித்தாள் நவமணி. "பூசத்துக்கு மறுநாள் நம்ம தோட்டத்து லாரி ஈயக்குட்டையில விழுந்துடுச்சி. இங்கதான் சாப்பிட்டுட்டுக் கெளம்பினாங்க. நீங்க இருந்திருந்தா நீங்களும் அதுலதான் போயிருப்பீங்க."

ஐயாவு கையில் எடுத்த சோற்றைத் தட்டில் வைத்தான். "யாரு யாரு?"

"ராக்காயி அக்கா... ராமையா மாமா... இருளாயி... முத்தம்மா..."

"என்ன நேரம்?"

"சாயங்காலம் ஆறு மணி."

கப்பல்காரனுக்கு ஊர் நேரம் எப்போதும் மனசில் ஓடும். அப்போதைய கணக்கில் ஆறரை மணி நேர வித்தியாசம், அங்கே பதினொன்றரை என்றால் இங்கே ஆறு. ஐயாவு சதாசிவத்தைப் பார்த்தான். சதாசிவம், "கேசியான்லா, பாவம்... ராமையா மாமாவுமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவ்வளவுதான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

"நாலு பேர் பொணத்தையும் எடுத்துட்டாங்க" என்றாள் நவமணி. "அப்புறமும் ரெண்டு நாளு தீயணைப்பு பொம்பா ஆளுங்க முங்கி முங்கித் தேடினாங்க. அஞ்சாவதா ஒருத்தர் முழுகினதைப் பார்த்தேன்னு வீரம்மா அக்கா சத்தியம் பண்ணிச்சி. யாருன்னு கேட்டா மட்டும் வாயைத் தொறக்கல. என்னைப் பார்த்துப் பார்த்து அழுவுது."

வீரம்மா அந்த லாரியில் பிழைத்தவள். அடுத்த நாள், கப்பல்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, இடுப்பில் குழந்தையோடு வந்தாள். சதாசிவம் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

அவனைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"வாங்கக்கா" என்றாள் நவமணி.

வீரம்மா வரவில்லை. "நவமணி... ஒங்கண்ணன்..."

"ஆமாக்கா. நேத்துதான் வந்தாரு."

"இவருதான்டி..." விரலை நீட்டினாள். "இவருதான் தண்ணிக்குள்ளேருந்து எம்புள்ளையைத் தூக்கி என் கையில கொடுத்தாரு. கொடுத்துட்டு... கீழ போயிட்டாரு. நான் பார்த்தேன்டி. எப்படிடி உங்கிட்ட வந்து சொல்லுவேன்?"

"என்னக்கா பேசுறீங்க? அண்ணன் அன்னிக்கு பிரான்சுல இருந்தாரு!"

சதாசிவம் பேப்பரை மடித்து வைத்தான். குழந்தையையே பார்த்தான். புது முகத்தைக் கண்டால் வீரிடுகிற பிள்ளை அது. அவனைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். குழந்தையின் கால்களில் கம்பளி உறை.

"குதிகால்ல தகரம் கிழிச்சிச்சே..." என்றான் மெதுவாக. "ஆறிடுச்சா?"

வீரம்மா உறையைக் கழற்றினாள். இடது குதிகாலில் நீளமாக ஒரு தழும்பு.

இவர்கள் கப்பல் ஏறியபோது அந்தக் குழந்தை பிறக்கவே இல்லை.

"உங்களுக்கு யாருண்ணே சொன்னது?" என்றாள் நவமணி.

சதாசிவம் விழித்தான். "தெரியலையே..."

நவமணி கணவனை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். "உண்மையைச் சொல்லுங்க" என்றாள். "யாரை... யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

ஐயாவு அன்றைக்குத்தான் முற்றத்தில் நடந்ததை அவளிடம் சொன்னான். மூன்று முறை தன் பெயரைக் கூப்பிட்டதையும், யார் குரல் கொடுத்தது என்பதையும் சொன்னான். சொல்லி முடிக்கும்போது தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். கூடத்தில் குழந்தை கலகலவென்று சிரிக்கிற சத்தம் கேட்டது.

"யாரா இருந்தா என்ன நவமணி?" என்றான். "எனக்குப் பதிலா போயிட்டு வந்தவன். பசியோட இருப்பான். சோத்தைப் போடு."

நவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்தாள்.